கொம்பு இடம் மாறினால் யார் பொறுப்பு? (எழுத்துச் சிக்கல்: வாசகர் கேள்வி-பதில்)

மொபைலில் ‘கொடி’ என்று அடித்தால் சரியாக வருகிறது. அதையே பேனர் அடிக்கும் சாஃப்ட்வேரில் ஒட்டினால், ககரத்துக்குப் பின்னால் கொம்பும் காலும் சேர்ந்து போய் நிற்கின்றன. ‘டி’ உடைந்து டகரமும் சுழியும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஃபான்ட் கெட்டுவிட்டதா ஐயா?
— அச்சக உரிமையாளர், சிவகாசி

ஃபான்ட் மேல் பழி போடாதீர்கள், அது பாவம். ஈய எழுத்துக் காலத்தில் அச்சகம் நடத்திய குடும்பம் என்றால் உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கையெழுத்துப் பிரதியில் ‘கொ’ என்று இருந்தால், எழுத்து அடுக்கும் கம்பாசிட்டர் முதலில் கொம்பை எடுப்பார், அப்புறம் க, அப்புறம் கால். ‘டி’க்கு மட்டும் தனி வார்ப்பு இருக்கும், அதை ஒரே அச்சாக எடுப்பார். கம்ப்யூட்டரில் இந்த வேலைக்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ் எல்லாவற்றிலும் இருப்பது ஹார்ஃப்பஸ். ஆப்பிளில் கோர் டெக்ஸ்ட். விண்டோஸில் வெகுகாலம் யூனிஸ்கிரைப். உங்கள் பேனர் சாஃப்ட்வேரில் அந்த கம்பாசிட்டர் வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

‘கொடி’யையே எடுத்துக்கொள்வோம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் அது நான்கு குறிகள்: க, ஒகரக் குறி, ட, இகரக் குறி. உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படும். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அல்ல. ஹார்ஃப்பஸ் முதலில் இது தமிழ் என்று கண்டுகொள்கிறது. ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஃபான்ட்டில் எத்தனையாவது வடிவம் என்று அட்டவணையில் பார்க்கிறது. கொம்பைத் தூக்கிக் ககரத்துக்கு முன்னால் வைக்கிறது. டகரமும் இகரமும் அடுத்தடுத்து வந்தால் ‘டி’ என்ற ஒரே வடிவத்தைப் போடு என்று ஃபான்ட்டின் ‘ஜிசப்’ அட்டவணையில் எழுதியிருக்கும், அதன்படி மாற்றுகிறது. கடைசியில் ஒவ்வொரு வடிவத்துக்கும் எவ்வளவு அகலம், எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஏற்றி என்று எண்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. படம் வரைவது அதன் வேலையில்லை.

உள்ளே போனது நான்கு, வெளியே வந்ததும் நான்கு: கொம்பு, க, கால், டி. ஆனால் அதே நான்கு இல்லை. முதல் மூன்று வடிவங்களும் ஒரே கொத்து என்று ஹார்ஃப்பஸ் அடையாளம் போட்டுவிடும். கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவே கர்சர் நிற்க மறுப்பது அதனால்தான்.

கொம்பை எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ‘அப்பெண்’ என்ற சொல்லில் கொம்பு இரண்டாவது பகரத்துக்கு முன்னால் நின்றுவிடும், ‘ப்’பைத் தாண்டாது. ‘க்ஷேமம்’ என்ற சொல்லில் சேமிப்பில் இருப்பது க, புள்ளி, ஷ, ஏகாரக் குறி. அங்கே மட்டும் இரட்டைக்கொம்பு புள்ளியையும் தாண்டி மொத்த ‘க்ஷ’வுக்கும் முன்னால் போய் நிற்கும், ஏனென்றால் மூன்றும் சேர்ந்து ஒரே வடிவமாகிவிட்டன. புள்ளி கண்ணுக்குத் தெரிகிறதா, கூட்டெழுத்துக்குள் கரைந்துவிட்டதா என்று பார்த்துத்தான் முடிவு.

நீங்கள் செய்ய வேண்டியது: பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் என்றால் பத்தி பேனலின் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பேராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேறு சாஃப்ட்வேர் என்றால், இந்திய மொழிகளுக்கான அமைப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லையென்றால் ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், சாஃப்ட்வேரை மாற்றுங்கள்.

பாமினியில் இந்தக் கரைச்சல் ஒண்டும் இருக்கவில்லையே? கொம்பை முதலில் அடித்தால் முதலில் வந்தது.
— ஓய்வுபெற்ற தட்டச்சு ஆசிரியை, யாழ்ப்பாணம்

உண்மைதான் அம்மா. ஆனால் யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டான பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தபோது கம்ப்யூட்டர் சேமித்தது ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி. நீங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடித்ததால் கம்பாசிட்டர் தேவைப்படவில்லை. அந்த வேலையை உங்கள் விரல்களே செய்தன. பாமினி இல்லாத கம்ப்யூட்டருக்குக் கோப்பு போனால் அம்போ. தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள், மாற்றிய பின் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள்.

247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருந்தால் இவ்வளவு சுற்று தேவையா?
— கல்லூரி மாணவர், கோவை

தேவையில்லைதான். யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய அரசின் இஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறையை அடியொற்றி அமைந்தது. பல இந்திய மொழிகளுக்கும் ஒரே அச்சு. அதில் உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது, மெய்க்கும் கிடையாது, ‘க்’ என்பதே இரண்டு குறி. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் டேஸ்-16 என்ற குறியீட்டு முறை. 2010இல் தமிழக அரசு யூனிகோடோடு அதையும் ஏற்று ஆணை போட்டது. தமிழை அதன் கணக்கிலேயே நடத்த வேண்டும் என்ற அந்த வாதத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இன்று அரபிக்கும் தேவநாகரிக்கும் எப்படியும் கம்பாசிட்டர் வேண்டும். ஆங்கிலத்தில்கூட ‘எஃப்’பும் ‘ஐ’யும் ஒட்டுவதும், ‘ஏ’யும் ‘வி’யும் நெருங்கி நிற்பதும் அவர் கைவேலைதான். இருக்கிற ஆளுக்குத் தமிழும் தெரியும் என்றால், தம்பி, நமக்கென்ன நஷ்டம்?

பிடிஎஃப்பில் படிக்க அழகாக இருக்கிறது. காப்பி செய்து ஒட்டினால் புள்ளி போட்ட வட்டம் வருகிறது. அந்த வட்டம் என்ன?
— வழக்கறிஞர், மதுரை

பிடிஎஃப்புக்குள் முக்கியமாக இருப்பது கம்பாசிட்டர் அடுக்கி முடித்த வடிவங்களும் அவற்றின் இடங்களும். எந்த வடிவம் எந்த எழுத்து என்ற குறிப்பு கூடவே இருந்தாலும், வரிசை கண்ணுக்குத் தெரியும் வரிசை. நீங்கள் காப்பி செய்யும்போது கொம்பு முதலில் வந்துவிடுகிறது. அப்படி வந்த ஒன்றை இங்கேயே ஒட்டுகிறேன்: ெகாடி. கொம்பு எந்த மெய்யின் குறி என்று கம்பாசிட்டருக்குத் தெரியவில்லை. ஆள் இல்லாத இடத்தில் ஒரு புள்ளி வட்டத்தை வைத்து ‘இங்கே ஏதோ குறைகிறது’ என்று காட்டுகிறார். ஆகவே வட்டத்தைக் கண்டால் எழுத்தின் வரிசையைச் சரிபாருங்கள். வழக்குக் கட்டு என்பதால் சொல்கிறேன்: முடிந்தால் மூல வேர்ட் கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

எங்கள் நூலகப் பட்டியலில் ‘கௌரி’ என்று தேடினால் பாதிப் புத்தகங்கள்தான் வருகின்றன.
— நூலகர், திருச்சி

மீதிப் புத்தகங்கள் ‘கெளரி’ என்று ஏறியிருக்கும். இரண்டையும் உற்றுப் பாருங்கள், பல ஃபான்ட்டுகளில் வித்தியாசமே தெரியாது. முதலாவதில் ஔகாரக் குறி ஒன்று. இரண்டாவதில் எகரக் குறியும் ளகரமும். அதை முறையாகப் படித்தால் ‘கெ-ள-ரி’. ‘ஔவை’க்கு ‘ஒளவை’ என்று அடிப்பதும் இதே கதை. கம்பாசிட்டர் கொடுத்ததைத்தான் அடுக்குவார், பிழை திருத்த மாட்டார். ‘ஸ்ரீ’யும் அப்படித்தான்: ஸகரத்தில் தொடங்கினாலும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கினாலும் பல ஃபான்ட்டுகளில் ஒரே வடிவம்தான் வரும். தேடலுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். பட்டியலை ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடுங்கள். ‘கெளரவம்’, ‘மெளனம்’, ‘பெளர்ணமி’, ‘செளந்தரம்’ இந்த நான்கிலேயே நிறைய அகப்படும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா ‘கெள’வையும் மாற்றிவிடாதீர்கள், ‘கெளுத்தி’ மீனும் மாட்டிக்கொள்ளும்.

தாத்தாவின் பழைய புத்தகத்தை அப்படியே மறுபதிப்பு செய்கிறோம். யானைத் தும்பிக்கை போட்ட பழைய ‘லை’ எந்தக் குறியீட்டில் இருக்கிறது?
— பதிப்பாளர், தஞ்சாவூர்

தனியாக எங்கும் இல்லை, தேட வேண்டாம். 1978இல் அரசாணை மாற்றியது வடிவத்தைத்தான். பழைய லையும் புதிய லையும் சேமிப்பில் ஒன்றே: ல, ஐகாரக் குறி. பழைய வடிவத்தை வைத்திருக்கும் ஃபான்ட்டாகப் பார்த்துப் போட்டால் கம்பாசிட்டர் அதையே எடுத்து வைப்பார். ணை, ளை, னை, ணா, றா, னா ஆகியவையும், ஒகர ஓகாரத்தில் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவையும் வருகின்றனவா என்று, லையோடு சேர்த்துப் பதின்மூன்றையும் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சில ஃபான்ட்டுகள் லையோடு நிறுத்திக்கொள்ளும்.