ஆகாஸ் தமஸ்குவிலிருந்து அனுப்பிய மாதிரி

கேள்வி: பழைய இஸ்ரவேலரின் வழிபாட்டில் அண்டை நாட்டாரின் தாக்கம் எவ்வளவு? அவர்களுடைய மதத் தலைவர்கள் அதைத் தடுக்கவில்லையா?

தடுத்தவர்களும் உண்டு, கையோடு உள்ளே கொண்டுவந்தவர்களும் உண்டு. சண்டே ஸ்கூலில் நான் கேட்டு வளர்ந்த கதையில் ஜனங்கள் வழிதவறுவார்கள், தீர்க்கதரிசி வந்து கண்டிப்பார். வேதாகமத்தையே நிதானமாகப் படித்தால் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை.

2 இராஜாக்கள் 16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 732 வாக்கில் தமஸ்கு (இன்றைய டமாஸ்கஸ்) அசீரியர் கையில் விழுகிறது. யூதாவின் ராஜா ஆகாஸ், தேவாலயத்து வெள்ளியையும் பொன்னையும் அசீரிய ராஜாவுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டு, அவனைப் பார்க்கத் தமஸ்குவுக்குப் போகிறான். அங்கே ஒரு பலிபீடம் கண்ணில் படுகிறது. உடனே அதன் சாயலையும் மாதிரியையும் எருசலேமுக்கு, ஆசாரியன் உரியாவுக்கு அனுப்புகிறான். ராஜா ஊர் திரும்புவதற்குள் உரியா அதைக் கட்டியே முடித்துவிட்டான்! கர்த்தருடைய சந்நிதியில் இருந்த பழைய வெண்கலப் பலிபீடத்தை நகர்த்தி, புதியதற்கு வடக்கே ஓரமாக வைத்தார்கள். உரியா மறுத்து ஒரு வார்த்தை சொன்னதாகக் கூட இல்லை. ஏசாயா 8-ல் 'உண்மையுள்ள சாட்சி' என்று வருகிற உரியாவும் இவன்தான் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். எனக்கு இன்றும் நெருடுகிற இடம் அது.

எல்லாத் தாக்கமும் திட்டு வாங்கவில்லை. மோசேயின் மாமனார் எத்திரோ மீதியான் தேசத்து ஆசாரியன், இஸ்ரவேலன் அல்ல. காலைமுதல் சாயங்காலம்வரை மருமகன் ஒருவனே உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதைப் பார்த்து, "நீ செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்கு ஒரு தலைவர் என்று ஏற்பாடு செய்யச் சொன்னது அவர்தான். மோசேயும் அப்படியே செய்தார்.

அப்புறம் அசேரா. இது கானானியரின் பெண் தெய்வம். நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்தப் பெயர் 'தோப்பு', 'தோப்பு விக்கிரகம்' என்று வருவதால் பலருக்கு இப்படி ஒரு தேவி இருந்ததே தெரியாது. நானும் வெகுநாள் ஏதோ மரத்தோப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1975-76-ல் சீனாய்ப் பகுதியில் குந்தில்லத் அஜ்ருத் என்ற இடத்தைத் தோண்டியபோது கிடைத்த பெரிய ஜாடி ஒன்றில் 'சமாரியாவின் யாவே, அவருடைய அசேரா' பெயரால் ஆசீர்வாதம் எழுதியிருந்தது. யாவே என்பது இஸ்ரவேலரின் தேவனுடைய பெயர்; தமிழ் வேதாகமத்தில் 'கர்த்தர்' என்று வருவது அதுதான். அது தேவியா, வெறும் மரக்கம்பமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எதுவானாலும் இரண்டு பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன. எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே பெண்கள் அசேராவுக்குத் துணி நெய்தார்கள். கி.மு. 622 வாக்கில் யூதாவின் ராஜா யோசியாதான் சிலையைக் கீதரோன் பள்ளத்தாக்கில் எரித்துத் தூளாக்கினார்.

எதிர்த்தவர்களின் மொழியில்கூட அண்டை வீட்டு வாசனை அடிக்கிறது. சிரியாவின் பழைய நகரமான உகாரித்தில் 1929 முதல் கிடைத்த களிமண் பலகைகளில், கானானியரின் தெய்வமான பாகாலுக்கு 'மேகங்களில் ஏறிவருபவன்' என்று பட்டம். சங்கீதம் 104 கர்த்தரை, மேகங்களைத் தமது இரதமாக்குகிறவர் என்று பாடுகிறது. பாகாலின் பட்டத்தைப் பிடுங்கித் தங்கள் தேவனுக்குச் சூட்டினார்கள் என்றே நான் படிக்கிறேன்.

யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன காலத்திலிருந்து வந்தவை தனிக்கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆலய வாசலில் பெண்கள் தம்மூஸ் என்ற மெசொப்பொத்தாமியத் தெய்வத்துக்காக அழுவதை எசேக்கியேல் தீர்க்கதரிசி அருவருப்பு என்று எழுதினார். பாபிலோனிய மாதப் பெயர்களோடு அந்தத் தம்மூஸும் ஒரு மாதத்தின் பெயராக யூத நாட்காட்டிக்குள் வந்துவிட்டது. எருசலேமின் மதில் உடைக்கப்பட்டதை நினைத்து யூதர்கள் இன்றும் உபவாசம் இருப்பது தம்மூஸ் மாதம் 17-ம் தேதி.