மலை வீட்டுக் குளிரும் காலை வெயிலும்: கேள்வி பதில்

வீடு கட்டும் வேலையில் இருக்கிறவன் நான். மலைநாட்டு வீட்டை வெயிலை வைத்தே எப்படிச் சூடாக்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து: அண்ணா, குளிர் நாடுகளில் தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடி யன்னல் வைக்கிறார்களே, நானும் அப்படி வைக்கவா?

வேண்டாம் தம்பி. அங்கே குளிர்காலத்துச் சூரியன் தெற்கே தாழ்வாக வரும், அதனால் வெயில் வீட்டுக்குள் நீளமாக விழும். நமக்கு டிசம்பர் கடைசியில்கூட உச்சிப்பொழுதுச் சூரியன் 60 பாகை உயரத்தில் நிற்கிறது. கூரை 2 அடி வெளியே நீண்டிருந்தால் தெற்குச் சுவரில் மேலிருந்து மூன்றரை அடிக்கு நிழல்தான், ஜூனில் உச்சி வெயில் வடக்குப் பக்கமே போய்விடும். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழுகிற நாளைப் பாருங்கள், காலை பளிச்சென்று விடியும், மத்தியானத்துக்குப் பிறகு பல நாள் மூடுபனி ஏறிவிடும். ஆகவே கிழக்குப் பக்கம் யன்னலை வையுங்கள். பின்னேரம் நாலரைக்கே மரக்கதவையோ தடித்த திரையையோ போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வந்த சூடு அதே கண்ணாடி வழியாக வெளியே போய்விடும்.

ஹட்டனிலிருந்து: எங்களுடையது லயன் வீடு, தகரக் கூரை. ஓட்டை எதுவும் இல்லை, ஆனாலும் விடியற்காலையில் சொட்டுகிறது, ஏன்?

கூரை வியர்க்கிறது அக்கா. வானம் தெளிவாக இருக்கிற இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கே விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், நம் மூச்சுக் காற்றும் கேத்தல் ஆவியும் அதில் பட்டதும் தண்ணீராகிச் சொட்டும். யன்னலுக்குச் செலவு செய்வதற்கு முதல் சீலிங்குக்குச் செலவு செய்யுங்கள், இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஓரங்களில் இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும், ஆனால் சீலிங்குக்கு மேலே தகரத்துக்குக் கீழே கொஞ்சம் காற்றோட்டம் இருக்கட்டும். விறகு அடுப்பின் புகை போகிற வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

அவரே மறுபடி: பிள்ளை தூங்குகிற அறையில் கரிச்சட்டி வைக்கலாமா?

கூடவே கூடாது! கரியிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, மூடிய அறையில் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தயவுசெய்து வேண்டாம்.

பண்டாரவளையிலிருந்து: கறுப்புப் பெயின்ட் அடித்த தண்ணீர் பீப்பாயை யன்னலோரம் வைத்தால் இரவில் சூடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வெயில் நேராகப் பீப்பாயில் பட வேண்டும். 200 லீற்றர் தண்ணீர் பகலில் 5 பாகை ஏறி இரவில் இறங்கினால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடு, அதாவது 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தருகிற அளவு. சின்ன அறைக்கு அது பெரிய உதவி. மூடியை இறுக்கி வையுங்கள், நுளம்பு வரக் கூடாது. பீப்பாய்க்கு இடம் இல்லையென்றால் நம் பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரையே போதும், காலை வெயில் விழுகிற இடத்தில் பாயோ கம்பளமோ போடாமல் விட்டால் தரை சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

மாத்தளையிலிருந்து: எங்களுக்குப் புழுக்கம்தான் தொல்லை, அதற்கு?

அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். கூரைக்கு வெள்ளை அடியுங்கள், கிழக்கு மேற்குச் சுவருக்கு மரமோ பந்தலோ நிழல் தரட்டும், சுவரின் உச்சியில் காற்றுத் துவாரம் வையுங்கள். இரவில் யன்னலைத் திறந்துவிட்டு, காலை ஒன்பது மணிக்குள் வெயில் படும் பக்கத்தை மூடிவிடுங்கள்.