மாதவிடாய் நின்ற பிறகு எலும்புப்புரைக்கு ராலாக்சிஃபீன் எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? அது ஹார்மோன் மாத்திரையா?

கேட்டிருப்பவர் 58 வயதுப் பெண்மணி. மாதவிடாய் நின்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. முதுகெலும்பில் எலும்புப்புரை என்று ஸ்கேனில் தெரிந்ததும் மருத்துவர் தினம் ஒரு ராலாக்சிஃபீன் 60 மில்லிகிராம் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். அது "ஹார்மோன் மாத்திரை" என்று யாரோ சொன்னதிலிருந்து அட்டையைப் பிரிக்கவே பயமாக இருக்கிறதாம்.

நான் அந்த மாத்திரையை ஆறு ஆண்டுகள் விழுங்கியவள். மருத்துவர் அல்ல. ஆகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பயந்துகொண்டிருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்வேன். நானும் அதையேதான் செய்தேன்.

56 வயதில் ஈரத் தரையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட மருத்துவர் ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து வழியனுப்பிவிட்டார். இவ்வளவு சிறிய விழுதலுக்கு எலும்பு ஏன் முறிய வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சில மாதங்கள் கழித்து வேறு காரணத்துக்காகப் பார்க்கப்போன பெண் மருத்துவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு அனுப்பினார். டி ஸ்கோர் என்பது இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். எனக்கு முதுகெலும்பில் அது மைனஸ் 2.8, இடுப்பில் மைனஸ் 1.6. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. மைனஸ் 1க்கும் 2.5க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, அவ்வளவுதான். உங்கள் அறிக்கையில் இந்த இரண்டு எண்களையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

(நம்மில் பலர் இதை "எலும்புத் தேய்மானம்" என்றே சொல்கிறோம். மூட்டு தேய்வதையும் அப்படித்தான் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு நோய்கள். மூட்டு தேய்ந்தால் வலிக்கும். எலும்பு உள்ளுக்குள் புரையோடினால் முறிகிற வரைக்கும் ஒரு சத்தமும் இராது.)

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராலாக்சிஃபீன் ஹார்மோன் அல்ல. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போய் உட்காருகிற ஏற்பிகளில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறந்த வீட்டில் ஒரு முகமும் புகுந்த வீட்டில் ஒரு முகமும் காட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த ரகம் இது. எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொண்டு, எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கி வைக்கிறது. மார்பகத்திலும் கருப்பையிலும் ஈஸ்ட்ரோஜனின் இடத்தை அடைத்துக்கொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. ஏற்பியோடு சேர்ந்து வேலை செய்யும் துணைப் புரதங்கள் உறுப்புக்கு உறுப்பு மாறுவதால்தான் இந்த இரட்டை வேடம்.

இந்த மருந்தின் பிறப்பே ஒரு வேடிக்கை. முதலில் இதன் பெயர் கியோக்ஸிஃபீன். மார்பகப் புற்றுநோய்க்காகத்தான் இதை ஆராய்ந்தார்கள். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து எலும்பை மெலியச் செய்யும் என்றுதானே யாரும் எதிர்பார்ப்பார்கள்? 1987இல் கிரெய்க் ஜோர்டன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு மெலியாமல் காப்பாற்றப்பட்டது. புற்றுநோய் மருந்தாகக் கரையேறாத ஒன்று, எலும்பு மருந்தாக 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எவிஸ்டா என்ற பெயரில் வந்தது இதுதான்.

"ஹார்மோன் என்றால் மார்பகப் புற்றுநோய் வருமே" என்ற பயம் 2002இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. ஆனால் அந்த ஆய்வில் மார்பகப் புற்றுநோயைக் கூட்டியது ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்த சிகிச்சை. ராலாக்சிஃபீன் நேர் எதிர்த் திசையில் போகிறது. 7,705 பெண்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்த 'மோர்' ஆய்வில், இதை எடுத்தவர்களிடையே பரவும் வகை மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்திருந்தது. என் அக்காவுக்கு அந்த நோய் வந்திருந்ததால்தான் என் மருத்துவர் இந்த மருந்தின் பக்கம் சாய்ந்தார். எனக்கு நெஞ்செரிச்சலும் உண்டு. வெறும் வயிற்றில் அலெண்ட்ரோனேட் என்ற வேறொரு எலும்பு மாத்திரையை விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்கும் வாராந்தரச் சடங்கு ஒத்துவரவில்லை. ராலாக்சிஃபீனுக்கு அந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, எந்த நேரத்திலும் போடலாம்.

கவனிக்க வேண்டியது இரத்த உறைவு. காலின் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டுவது, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வது. அதே மோர் ஆய்வில் மருந்து எடுக்காதவர்களில் 1,000 பேருக்கு 3 பேர் என்றிருந்தது, எடுத்தவர்களில் 10 பேர் என்றானது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் மும்மடங்கு. முதல் நான்கு மாதங்களில் ஆபத்து கூடுதல். 2006இல் வெளியான 'ரூத்' என்ற இன்னொரு ஆய்வு, இதய நோய் உள்ள அல்லது வரும் வாய்ப்பு மிகுந்த 10,101 பெண்களைப் பார்த்தது. பக்கவாதம் வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் பக்கவாதத்தால் இறந்தவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 1.5 என்பதிலிருந்து 2.2 ஆகக் கூடினார்கள். ஆகவே முன்பு எப்போதாவது காலில் உறைவு வந்தவர்களுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது. பக்கவாதம் வந்தவர்கள், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள், புகைபிடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

நான் கோட்டைவிட்டதும் இங்கேதான். நான்காம் ஆண்டில் முழங்காலில் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிய படிவத்தில் இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் எழுதினேன். ராலாக்சிஃபீன் என் மனத்தில் கால்சியம் மாத்திரைக்குத் தம்பி மாதிரி ஆகிவிட்டிருந்தது. எலும்புக்கு ஏதோ போடுகிறோம், அவ்வளவுதான். முந்தைய நாள் மாலை மயக்க மருந்து நிபுணர் வந்து, "வேறு எதுவுமே இல்லையா அம்மா, எலும்புக்கு, தைராய்டுக்கு?" என்று இரண்டாவது முறையாகக் கேட்டபோதுதான் வாயைத் திறந்தேன். அன்று காலையில்கூட மாத்திரை போட்டிருந்தேன்! நாளைத் தள்ளி வைத்தார்கள். நாட்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டிய நிலை வந்தால் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பே இதை நிறுத்த வேண்டும், எழுந்து நன்றாக நடமாடத் தொடங்கிய பிறகே மீண்டும் தொடங்க வேண்டும். மருந்து உறையில் இருந்த தாளிலேயே இது அச்சாகியிருந்தது. நான்கு ஆண்டுகளாக அந்தத் தாளை நான் மடிப்புக் கலைக்கவில்லை. நீண்ட விமானப் பயணத்திலும் இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், காலை விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அன்றாடத் தொல்லைகள் இரண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென உடம்பு சூடேறி வியர்க்குமே, அந்த அனல் அலை நின்றுபோயிருந்தது, திரும்ப வந்தது. மூன்று ஆண்டுகளாக நிம்மதியாகத் தூங்கியவள் மறுபடியும் நள்ளிரவில் வியர்த்து எழுந்து உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் அடங்கிவிட்டது. ஏற்கெனவே அனல் அலையால் அவதிப்படுகிறவர்களுக்கு இந்த மாத்திரை வேண்டாத விருந்தாளி. இன்னொன்று, இரவில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வது. அது கடைசி வரை போகவில்லை. கருப்பையை இது தூண்டுவதில்லை. ஆகவே இரத்தக் கசிவு ஏதும் தென்பட்டால் மாத்திரையின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், உடனே காட்டுங்கள். கால்சியத்தையும் வைட்டமின் டியையும் விட்டுவிடக் கூடாது. 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு உணவையும் சேர்த்து நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். மோர் ஆய்வில் முதுகெலும்பு முறிவுகள் 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்தன. இடுப்பு முறிவு குறையவே இல்லை. அதனால்தான் இரண்டு எண்களையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். உங்களுக்கு இடுப்பும் மோசமாக இருந்தால், ஏன் இந்த மருந்து என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு என் முதுகெலும்பு மைனஸ் 2.6. "இவ்வளவுதானா?" என்று முகம் சுளித்தேன். "இறங்கவில்லையே, அதைப் பாருங்கள்" என்றார் மருத்துவர். ஆனால் இடுப்பு மைனஸ் 2.3க்கு வந்துவிட்டிருந்தது.

இந்த மாத்திரையை நிறுத்தினால் எலும்பு இழப்பு மறுபடியும் தொடங்கிவிடும் என்பதால் சும்மா நிறுத்தவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் என்ற வேறொரு எலும்பு மருந்துக்கு மாற்றினார்கள். முதல் முறை ஏற்றிய அன்று இரவே காய்ச்சலில் இரண்டு நாள் சுருண்டு கிடந்தேன். அந்தக் கதையை வேறு யாராவது கேட்கும்போது எழுதுகிறேன்.