உர ஸ்டோருக்கு டீசல் ஃபோர்க்லிஃப்டா, பேட்டரி ஃபோர்க்லிஃப்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்து உர ஸ்டோருக்கு 2.5 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் (பாரம் தூக்கும் வண்டி), எது எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விலைப் பட்டியலை அப்புறம் பாருங்கள், முதலில் தரையைப் பாருங்கள். லோரி நிற்கும் இடம் செம்மண் என்றால் காற்று டயர் போட்ட டீசல்தான். மழையில் சேறானால் பேட்டரி வண்டியின் சின்னச் சக்கரம் புதையும், மேட்டில் இழுத்து இழுத்து மோட்டார் சூடாகும். வாசல் வரை சிமெண்ட் என்றால் பேட்டரிதான் மேல். மூடின ஸ்டோரில் டீசல் புகை முழுக்க மூட்டை தூக்குகிறவர்கள் நெஞ்சுக்குள்தான் போகும். (டீசல் பிரியர்கள் சண்டைக்கு வரவேண்டாம், நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜெண்டு இல்லை.)

விற்க வருகிறவர் வாயைத் திறக்காத விஷயம் பொட்டாஷ் உரத்தின் தூள். அது ஈரத்தை இழுக்கும். அதிலுள்ள குளோரைடு இரும்பையும் செம்பையும் அரிக்கும். டெர்மினலில் (ஒயர் மாட்டும் முனையில்) பச்சை பூத்தால் அந்த இடம் சூடாகி கனெக்டர் உருகிவிடும். பேட்டரி மேல் தூள் படிந்து நனைந்தால் கரண்ட் கசியும். வாராவாரம் செல் மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா மாவு கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவ வேண்டாம்.

48 வோல்ட் ஈய பேட்டரியில் 24 செல். டிஸ்டில் வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்றவேண்டும், முன்னால் நிரப்பினால் பொங்கி அமிலம் வழியும். செல்லுக்குள் இருக்கும் தகடு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்கூட்டி ஊற்றுங்கள். சார்ஜை 20 சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி சார்ஜ் போடும் பழக்கம் ஈய பேட்டரியின் ஆயுளைத் தின்னும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் தீப்பற்ற ஒரு பொறி போதும். அதனால் சார்ஜர் உரத்துக்குத் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

இரண்டு ஷிப்ட் ஓட்டினால் இன்னொரு பேட்டரி வேண்டும், இல்லையென்றால் லித்தியம். ஆனால் முன்னால் தூக்கும் மூட்டைக்கு ஈடாக வண்டியைப் பின்னால் அழுத்திப் பிடிப்பது பின்பாரம்; பேட்டரியின் எடையும் அதில் சேர்த்தி. பழைய வண்டியில் லேசான லித்தியத்தை மாட்டினால் குறைந்த எடைக்கு இரும்பு சேர்க்கவேண்டும். சேர்க்காமல் 2.5 டன் தூக்கினால் பின்சக்கரம் எழும்பிவிடும்.

2024 ஜூன் 10-ல் மலேசியத் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனதைக் காட்டித்தான் பலர் பேட்டரி விற்கிறார்கள். அந்தக் கணக்கில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனின் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் வருவதே இல்லை. பெரிய மேனேஜர் வருகிறார் என்றால் வழியோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க மட்டும் காசு எங்கிருந்தோ வந்துவிடும்.