பழைய கார்பரேட்டர் கார் சிக்னலில் நின்றால் நடுங்குகிறது, கார்பரேட்டரை மாற்றியே ஆக வேண்டுமா?

உங்கள் டட்சன் 120ஒய் ஓடும்போது நன்றாக இருக்கிறது, சிவப்பு விளக்கில் நின்றதும் நடுங்கி அணைகிறது, ஒர்க்‌ஷாப்பில் கார்பரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். என்னிடமும் அதே வண்டிதான், அப்பா ஓட்டியது. கார்பரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவிய பிறகுதான், கோளாறு விரல் நீள ரப்பர் ஹோஸ் ஒன்றில் இருப்பது தெரிந்தது.

முதலில் இக்னிஷன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அப்புறம் இன்ஜினை அணைத்து, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நடுக்கம் அதிகமானால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது. மாற்றமே இல்லையென்றால் அதுதான் படுத்திருக்கிறது. அதன் பிளக்கையும் ஒயரையும் வால்வ் இடைவெளியையும் பாருங்கள். நான்கையும் இப்படிச் சோதித்து, எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பெட்ரோல், காற்றுப் பக்கம் வாருங்கள்.

இங்கேதான் காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக் உதவும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சோக் குமிழை அரை அங்குலம் மட்டும் இழுங்கள். என் வண்டி அந்த அரை அங்குலத்தில் சட்டென்று அமைதியானது. ஸ்டியரிங்கில் இருந்த அதிர்வு அடங்கியது கைக்கே தெரிந்தது. அப்படியானால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கேயோ ஏர் எடுக்கிறது. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் சிறு ஓட்டைகூடப் பெரிய பங்கு. வேகத்தில் அது தெரியாமல் போய்விடும். மாறாக, சோக் இழுத்ததும் மோசமானால் பெட்ரோல் அதிகம். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிதவையின் மட்டத்தையும் நீடில் வால்வையும் பார்க்க வேண்டும்.

ஓட்டையைத் தேட கிளீனர் ஸ்பிரே அடிக்கச் சொல்வார்கள். இந்த ஏ12 இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கார்பரேட்டருக்குக் கீழேயே இருக்கிறது, தீப்பிடிக்கும். தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கேஸ்கெட் ஓரங்களில் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் ஒரு கணம் மாறினால் இடம் கிடைத்துவிட்டது. ஹோஸ்களை ஒவ்வொன்றாகப் பிளையரால் மெதுவாக அழுத்தியும் பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி இன்ஜினுக்கே இழுத்துக்கொள்ளும் என் பிசிவி ஹோஸ் வெளியே முழுசாகத்தான் இருந்தது. கிளிப்பைக் கழற்றி வளைத்தபோதுதான், கிளிப்புக்கு அடியில் இருந்த பிளவு வாய் திறந்தது.

ஏர் எடுக்கவில்லையென்றால் ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் திருகைப் பாருங்கள். உள்ளே திருகினாலும் ஐடிலிங் மாறாவிட்டால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறு துளையான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் பதிவில் உள்ள நம் வண்டிகள் ஆண்டில் பெரும்பாலான நாள்கள் சும்மா நிற்பதால் பெட்ரோல் காய்ந்து பிசின் பிடிக்கும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும்.

நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம், அதனால் புளோக் கார் பார்க்கில் இதைச் செய்யாதீர்கள். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரம் இடம் கேளுங்கள். சோக் இழுத்தபோது அமைதியானதா மோசமானதா என்று எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.