95,000 ரூபாய் ஹல்க்பஸ்டருக்காகச் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: வயது 32. வேளச்சேரியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். கையில் வரும் சம்பளம் 68,000, மாதச் செலவு ஏறக்குறைய 55,000. அவசரத்துக்கென்று வங்கியில் 80,000 இருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனத்தில் 2 லட்ச ரூபாய் ஏலச் சீட்டு, 20 மாதம்; இது ஆறாவது மாதம். கவசம் அணிந்த சூப்பர்ஹீரோ உருவங்கள் சேர்ப்பது என் பழக்கம். அண்ணா நகரில் ஒருவர் ஹாட் டாய்ஸ் நிறுவனத்தின் ஹல்க்பஸ்டரை (அயர்ன் மேன் அணியும் ராட்சதக் கவசத்தின் உருவம்) 95,000-க்குத் தருகிறார். ஏலத்தில் 40,000 தள்ளினால், அதாவது அவ்வளவு விட்டுக்கொடுத்தால், இந்த மாதமே சீட்டு எனக்கு வந்துவிடும். 'பொம்மைக்கா இவ்வளவு?' என்கிறார் மனைவி. இது முதலீடுதானே, பின்னால் விலை ஏறும்தானே? லாபத்தில் விற்றால் வரி உண்டா?

பதில்: வாங்குங்கள். ஆனால் இந்த மாதம் வேண்டாம், சீட்டைத் தள்ளியும் வேண்டாம்.

முதலில் சீட்டுக் கணக்கு. இப்போது எடுத்தால் 40,000 போக 1,60,000 கிடைக்கும். கடைசி மாதம் வரை பொறுத்தால் தள்ளு கிடையாது, நிறுவனத்தின் கமிஷன் மட்டும் கழியும். 5 சதவீதம் என்று வைத்தால் 10,000 போக 1,90,000. வித்தியாசம் 30,000. அதாவது அண்ணா நகர்க்காரர் 95,000 கேட்கிறார், நீங்கள் 1,25,000 கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள். கமிஷன் விகிதத்தை உங்கள் சீட்டு ஒப்பந்தத்தில் பாருங்கள். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டபின் 7 சதவீதம் வரை எடுக்கலாம்.

கிரெடிட் கார்டு பக்கம் போகாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 95,000-க்கு ஒரு மாத வட்டியே 3,325 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

முதலீடா என்றால், இல்லை. தங்கத்தை அன்றைய விலையை ஒட்டி எந்த நகைக்கடைக்காரரும் வாங்கிக்கொள்வார். இதை விற்க, இதே பைத்தியம் பிடித்த இன்னொருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். (தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் பழைய பேனா சேர்ப்பவன்.) இன்னொரு சங்கதி: பொம்மை என்ற வகையில் இறக்குமதியானால் சுங்க வரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதம் ஆனது, 2023-இல் 70 ஆனது. இங்கே கேட்கும் விலையில் அந்தச் சுமையும் கலந்திருக்கும். வெளிநாட்டுக்காரர் அதற்குப் பணம் தர மாட்டார். ஆக உங்களுக்கு வாங்குவோர் இந்தியாவுக்குள் மட்டும்தான். தயாரிப்பாளரும் சும்மா இருப்பதில்லை. அயர்ன் மேனின் மார்க் 3 கவசத்தை ஹாட் டாய்ஸ் மேம்படுத்தி 2.0 என்று மறுபடி கொண்டுவந்தது. புதியது கடைக்கு வந்தபின் பழையதற்கு அதே விலையை யார் தருவார்?

பணம் திரும்பி வருவது நிச்சயமில்லை என்றானபின், கொடுக்கிற காசுக்குப் பொருள் எத்தனை வருஷம் ஒழுங்காக நிற்கும் என்பதுதான் கேள்வி. சென்னையில் அது லேசான கேள்வியும் இல்லை.

நங்கநல்லூரில் என் மச்சினர் மகனிடம் ஆறில் ஒரு பங்கு அளவில் ஒரு சூப்பர்ஹீரோ இருக்கிறது. ஓரடி உயரம் இருக்கும். நாலு வருஷமாக மேற்குப் பார்த்த ஜன்னலோரம் நிற்கிறது. போன மாதம் கையில் எடுத்தேன். மார்புக் கவசம் புத்தம் புதிதாக மின்னுகிறது. கையைத் தூக்கினால் அக்குளில் இருந்த கறுப்பு உடை கருகிய அப்பளம் மாதிரி உதிர்ந்து என் சட்டையில் கொட்டியது. துணிமேல் பாலியூரித்தேன் பூசிய உடை அது; ஈரக்காற்றில் அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சிதையும், ஒட்ட வழியில்லை. அந்த வகையில் உங்கள் ஆசை பரவாயில்லை. முழுக்கவச உருவத்தில் இப்படி வெளியே தெரியும் உடை குறைவு. அதற்கு வேறு வியாதிகள்.

ஹல்க்பஸ்டர் ஆறில் ஒரு பங்கு அளவிலேயே ஏறக்குறைய 55 செ.மீ. உயரம். அவ்வளவு உடம்பையும் தாங்குவது இடுப்பும் கணுக்காலும். விற்பவர் வீட்டில் அதைச் சமதரையில் நிற்க வைத்துவிட்டு, காபி கொடுத்தால் குடித்துக்கொண்டே பத்து நிமிஷம் பேசுங்கள். மெல்லச் சாய்ந்தால் மூட்டு தளர்ந்துவிட்டது. பல்சக்கர மூட்டு என்றால் அசைக்கும்போது 'கடக் கடக்' என்று பிடித்துப் பிடித்து வர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் உள்ளே பல் தேய்ந்திருக்கலாம்.

அப்புறம் எடை. 'டைகாஸ்ட், சும்மா கல்லு மாதிரி கனக்கும்' என்று விற்பவர் பெருமையாகச் சொல்லலாம். டைகாஸ்ட் என்பது அச்சில் வார்த்த உலோகம், பெரும்பாலும் துத்தநாகக் கலவை. கையில் சில்லென்று இருக்கும், ஆசையாகவும் இருக்கும், ஆனால் அந்தக் கனம் முழுவதும் மூட்டுக்குத்தான் வேலை. உலோகத்தின் மேலுள்ள பெயின்ட் பெயர்ந்தால் அதே மினுமினுப்பில் தொட்டுப் பூசுவதும் கஷ்டம். உலோகத் தகடும் பிளாஸ்டிக் தகடும் அடுத்தடுத்து வரும் இடத்தில் சிவப்பு ஒரே சாயலாக இருக்கிறதா என்று வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் எல்லாமே அழகுதான். சிவப்பும் தங்க நிறமும் சந்திக்கும் கோடு ஒன்றுக்குள் ஒன்று கசியாமல் நிற்க வேண்டும். தோள்பட்டைத் தகடுகளின் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். பேரம் பேச இவையெல்லாம் உதவும்.

பேட்டரி மூடியைக் கட்டாயம் திறக்கச் சொல்லுங்கள். கண்ணும் மார்பும் எரிவதைக் காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது, இன்று எரிகிற விளக்கு அடுத்த மழைக்காலம் தாண்டாது. திறக்க மறுத்தால் காபிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அட்டைப்பெட்டியும் உள்தட்டுகளும் உண்டா என்றும் கேளுங்கள்; பெட்டி இல்லாத உருவத்துக்கு மறுவிலை பலமாக அடிவாங்கும். அந்தப் பெட்டியை மொட்டை மாடிக்குக் கீழுள்ள லாஃப்டில் போட்டிருந்தால் மே மாத வெக்கையில் உள்ளே எல்லாம் பிசுபிசுத்திருக்கும், முகர்ந்து பாருங்கள்.

நீங்கள் இருப்பது வேளச்சேரி தரைத்தளம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டு ஹல்க்பஸ்டருக்கு, கீழ்த்தட்டு பாத்திரத்துக்கு. வாடகைக்காரரும் வீட்டுப் பொருட்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம். பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் அடக்கம். ஆனால் அபூர்வப் பொருட்கள் தனிக் கணக்கு. பில்லைக் காட்டி, இது எந்தக் கணக்கில் வரும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பழைய பில் இல்லாத பொருளுக்கு 95,000 கொடுக்காதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரி: சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருளை எப்போதாவது விற்றால் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் இந்தச் சலுகையில் சேராது. உங்கள் பொம்மை சிற்பமா என்று ஒரு அதிகாரி கேட்டால் சுவாரசியமான வாதமாக இருக்கும். வாங்கி விற்பதையே வழக்கமாக்கினால் அது வியாபாரம், லாபம் வருமானத்தில் சேரும்.

சரி, எப்போது வாங்குவது? இன்னும் 14 மாதத் தவணை கட்டுங்கள். கடைசியில் வரும் 1,90,000-ஐப் பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் 95,000. ஒரு பாதி அவசர நிதிக்கு. அங்கே 1,75,000 ஆகிவிடும், மூன்று மாதச் செலவைத் தாண்டும். மறுபாதியில் ஹல்க்பஸ்டர். இந்தத் தாளை மனைவியிடம் காட்டுங்கள், அவர் கேட்டதற்கும் இதில் பதில் இருக்கிறது. 14 மாதம் கழித்து அண்ணா நகர்க்காரரிடம் அது இல்லாமல் போகலாம்; வேறொருவரிடம் வரும். அதுவரை யாரிடமும் முன்பணம் கொடுத்துப் பிடித்துவைக்க வேண்டாம்.