ரீல்ஸ் பார்த்து ஆங்கில வார்த்தை கற்கலாமா? கேள்வி பதில்

கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். குறுவீடியோ பார்த்து வார்த்தை கற்பது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கே: தினமும் வார்த்தை ரீல்ஸ் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே வருவதில்லை. ஏன்?

பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, வேண்டும்போது நினைவிலிருந்து எடுப்பது வேறு. வீடியோவில் வார்த்தை, பொருள், உச்சரிப்பு எல்லாம் ஒரே திரையில் வந்துவிடுவதால் மூளைக்குத் தேடும் வேலையே இல்லை. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

அதனால் வீடியோ முடிந்ததும் அடுத்ததற்குத் தள்ளாமல் போனைக் கவிழ்த்து வையுங்கள். உங்களைப் பற்றியே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். 'ரிலக்டன்ட்' என்றால் தயக்கம் என்று வீடியோ சொல்லிவிட்டது, சரி. அதன் பின்னால் 'டு' வருமா, 'இன்' வருமா? 'ஐ வாஸ் ரிலக்டன்ட் டு ஆஸ்க்' என்று நீங்களே வாக்கியம் அமைக்கும்போதுதான் அந்தச் சந்தேகமே வரும். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி சொல்லிப் பாருங்கள்.

கே: ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை?

ஐந்து போதும். ஐந்தையும் வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்.

கே: தமிழில் பொருள் சொல்லும் வீடியோ பார்க்கலாமா?

தாராளமாக. உதாரண வாக்கியம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

கே: 'வெரி டயர்ட்' சொல்லக் கூடாதாமே? 'எக்ஸாஸ்டட்'தான் சரியாம்?

இந்த வகை வீடியோவிடம் எச்சரிக்கையாக இருங்கள். 'வெரி டயர்ட்' சரியான ஆங்கிலம். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கச் சொல்கிறவர்கள், அது எங்கே பொருந்தாது என்று சொல்வதில்லை.

கே: குழந்தை நோட்டுப் போட்டா தாய்மொழி கற்றது? நிறையப் பார்த்தால் தானாக வந்துவிடும். நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

இதற்கு ஆதரவாகப் பலர் எழுதியிருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்த மொழியைக் கேட்கிறது. அதைவிட முக்கியம், பதில் பேசுகிறது. பேசுவது புரியாவிட்டால் எதிரில் இருப்பவர் திரும்பக் கேட்கிறார். ரீல் உங்களிடம் எதுவும் கேட்பதில்லை.

தானாக வரும் என்பதும் முழுப் பொய்யல்ல. ஒரே வார்த்தை வேறு வேறு இடங்களில் பலமுறை எதிர்ப்பட்டால் பதியும். ஆனால் வார்த்தை ரீல் ஒவ்வொன்றும் புது வார்த்தையோடு வருகிறது. நேற்றையதை இன்று திரும்பக் கொண்டுவர யாரும் இல்லை.

எந்த வார்த்தை வருகிறது என்பதையும் கவனியுங்கள். கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரே வேர்ச்சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் பட்டியலிட்டார். அந்த நூல்களில் வரும் சொற்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு இவைதான். 'அனலைஸ்', 'சிக்னிஃபிகன்ட்' போன்றவை. மாணவர்களுக்கு உடனே வேண்டியது இது. ரீலில் லைக் வாங்குவதோ 'செரண்டிபிட்டி' (எதிர்பாராமல் நல்லது கிடைப்பது) போன்ற வார்த்தை.

கே: அப்படியானால் வார்த்தை வீடியோவை விட்டு, என் துறையைப் பற்றிய ஆங்கில வீடியோவையே பார்த்தால்?

அருமையான கேள்வி. அதுதான் மேல். ஒரே துறை என்றால் அதே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள், காதில் விழுவதில் ஒரு வார்த்தை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். முந்தைய கேள்விக்கு ஆதரவாக எழுதியவர்களும் இதைச் செய்து பாருங்கள். நீங்கள் சொல்லும் 'தானாக' நடப்பதற்கு இங்கேதான் வாய்ப்பு அதிகம்.

கே: தினமும் 50 வார்த்தை படிக்கலாமா?

மேலே பதில் இருக்கிறது.

கே: சரி, 20 வார்த்தையாவது?

ஐந்து.

கே: ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு எழுத எந்தச் சேனல் நல்லது?

சேனலைத் தேடாதீர்கள். பழைய வினாத்தாளை எடுத்து எழுதிப் பழகுங்கள்.

கே: நூற்றுக்கணக்கான வீடியோக்களை சேவ் செய்து வைத்திருக்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

எதையும் முதலிலிருந்து பார்க்க வேண்டாம். வீடியோவை ஓடவிடாமல் வார்த்தையை மட்டும் பார்த்து, வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்லுங்கள். வந்துவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். அப்போதும் வந்தால் அழித்துவிடுங்கள். வராததை மட்டும் திறந்து பாருங்கள், அதுவும் ஒரு நாளைக்கு ஐந்துதான்.